‘கிராமப்புற சுகாதாரம்’ என்று தேடினால் கிராமம் கிடைக்காது

கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். முதுகலை படிக்கும் ஒருவர், சமூக ஊடகங்களில் ‘கிராமப்புற சுகாதாரம்’ என்ற சொல்லையும் அதையொட்டிய ஹேஷ்டேகுகளையும் தேடிச் சில ஆயிரம் பதிவுகளைத் திரட்டியிருக்கிறார். அவற்றில் மிகுதியாகத் தென்படுவது ‘மருத்துவர் இல்லை’ என்ற புகார். ஆகவே கிராம மக்களின் முதல் கவலை மருத்துவர் பற்றாக்குறைதான் என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்கிறார். எழுத வேண்டாம் என்பது என் பதில். பற்றாக்குறை பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதிவுகளை எழுதியவர்கள் யார் என்று அவர் இன்னும் பார்க்கவில்லை. தெருவில் நின்று காதில் விழும் பேச்சை வைத்து, வீட்டுக்குள் படுத்திருப்பவருக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியுமா என்பதுதான் அவர் உண்மையில் கேட்டிருப்பது.

நான் 17 ஆண்டுகள் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவராக இருந்தவன். பிறகு நோய்ப்பரவலியல் படித்தேன். கடந்த சில ஆண்டுகளாக, இதே போன்ற ஆய்வுகளில் பதிவுகளைப் படித்து வகை பிரிக்கும் வேலையைச் செய்கிறேன். கணினி நிரல் எழுதத் தெரியாது. பொறுமையாகப் படிக்கத் தெரியும்.

அந்த 17 ஆண்டுகளில் ஒரு நோயாளிகூட எனக்குக் கிராமப்புற சுகாதாரப் பிரச்சினை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்ததில்லை. இடுப்பு வலிக்கிறது என்பார்கள், பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது என்பார்கள், போன வாரம் கொடுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது என்பார்கள். ‘கிராமப்புற சுகாதாரம்’ என்பது அரசுத் துறைகள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள், மருத்துவச் சங்கங்கள், கருத்தரங்கு நடத்துகிறவர்கள் ஆகியோருடைய சொல். ஏப்ரல் 7, உலக சுகாதார நாளன்று அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். வாழ்த்துப் படங்களும் மேடைப் படங்களும் வந்து குவியும். கிராமத்தில் இருப்பவர் தன் இடத்தை ‘கிராமப்புறம்’ என்று அழைப்பதில்லை. ‘புறம்’ என்பதே வெளியில் நின்று பார்க்கிறவர் வைத்த பெயர். எனவே அந்தச் சொல்லைக் கொண்டு வலை வீசினால், கிராமத்தைப் பற்றி மற்றவர்கள் பேசுவது சிக்கும். கிராமம் பேசுவது வலையின் கண் வழியாக நழுவிப் போய்விடும்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலக நகரவாசிகளில் 83 விழுக்காட்டினர் இணையம் பயன்படுத்துகிறார்கள்; கிராமவாசிகளில் 48 விழுக்காட்டினர்தான். இணையமே இல்லாத 260 கோடிப் பேரில் 180 கோடிப் பேர் கிராமங்களில் இருக்கிறார்கள். மருத்துவர் பற்றாக்குறையும் உண்மைதான். கிராமப்புறப் பணியாளர்கள் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வழிகாட்டுதல் வெளியிட்டபோது, உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கிராமங்களில் வாழ்ந்தும், மருத்துவர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களே அங்கே பணியாற்றுவதாகச் சொன்னது. வேல்ஸ் நாட்டில் ஒரு சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என்ற ஒன்றை எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். பேச்சுக்கும் அந்த விதி பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். அதிகம் அவதிப்படுகிறவர்தான் குறைவாகப் பதிவிடுகிறார். இது என் ஊகம்; மேலே உள்ள எண்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

மருத்துவர் இல்லை என்ற புகார் ஏன் அவ்வளவு கண்ணில் படுகிறது என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். புறநோயாளிகள் அறையில் என் நாற்காலி காலியாக இருந்தது. மேசை மேல் ஸ்டெதாஸ்கோப், மூடி திறந்த தண்ணீர் பாட்டில், பாதி எழுதிய மருந்துச் சீட்டு. இரண்டு சுவர்களுக்கு அப்பால், பிரசவ அறையில், குழந்தை பிறந்தும் நஞ்சுக்கொடி இறங்காமல் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணின் அருகில் நான் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வெகு நேரம் காத்திருந்த ஒருவர் அந்த நாற்காலியைப் படம் எடுத்துப் பதிவிட்டுவிட்டார். மாலைக்குள் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. படம் பொய்யில்லை. நாற்காலி காலியாகத்தான் இருந்தது, காத்திருந்தவருடைய கோபத்திலும் தவறில்லை. ஆனால் படத்துக்குக் கீழே வந்த வசைகளை ஒரு நிரலிடம் கொடுத்தால் ‘மருத்துவர் பணிக்கு வருவதில்லை’ என்ற தலைப்பில்தான் அடுக்கும். அங்கே நடந்ததற்குச் சரியான தலைப்பு ‘ஒரே மருத்துவர், இரண்டு அறைகள்’. தலைப்பு மாறினால் தீர்வும் மாறிவிடும். முதலாவதற்கு விரல்ரேகை வருகைப் பதிவு இயந்திரம் வாங்கி மாட்டினால் போதும். இரண்டாவதற்கு இன்னொரு மருத்துவரை நியமிக்க வேண்டும். எங்கள் நிலையத்துக்கு இயந்திரம் வந்து சேர்ந்தது.

காலி நாற்காலியைப் படம் எடுக்க முடிகிறது என்பதுதான் இங்கே முக்கியம். தாய்மார் இறப்பை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெயின் இருவரும் 1994-இல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் ஆகும் தாமதம், போய்ச் சேருவதில் ஆகும் தாமதம், போன பிறகு உரிய சிகிச்சை கிடைப்பதில் ஆகும் தாமதம். பிரசவத்துக்காகச் சொன்னது என்றாலும் கிராமத்தில் எந்த அவசர நோய்க்கும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். நான் படித்த பதிவுகளை இந்த மூன்று கூடைகளில் போட்டுப் பார்த்தபோது, இரண்டாவது கூடை நிரம்பி வழிந்தது. கட்டிலோடு நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் காணொளி, சேற்றில் சிக்கிய ஆம்புலன்ஸ், பாதியில் நின்றுபோன பாலம். மூன்றாவது கூடையிலும் கணிசமாக விழுந்தது: காலி நாற்காலி, பூட்டிய கதவு, மருத்துவமனை வாசலில் நடந்த தகராறு. முதல் கூடை ஏறத்தாழக் காலி. ‘விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று இரவு பதினொரு மணிக்கு ஒருவர் சொல்வதை யாரும் படம் எடுப்பதில்லை. பணத்துக்கு யாரிடம் போவது என்று வீட்டில் நடக்கும் பேச்சு, போன முறை அங்கே நர்ஸ் எல்லோர் முன்னிலையிலும் அதட்டியது நினைவுக்கு வந்து ஒருவர் போகத் தயங்குவது, இவையெல்லாம் பதிவாவதே இல்லை. நான் பார்த்த மரணங்களில் பலவற்றுக்கு வித்து விழுந்தது அந்த இடத்தில்தான். உங்கள் சில ஆயிரம் பதிவுகளில் அது இல்லை என்றால், கிராமத்தில் அது இல்லை என்று பொருளாகாது.

அடுத்தது, ரத்தம் கேட்கும் பதிவுகள். உங்கள் தேடலில் இவை வந்தேயிருக்காது, ஏனென்றால் இவற்றில் கிராமம் என்ற சொல்லே இருக்காது. ‘மிக அவசரம், ஓ நெகட்டிவ், 2 யூனிட்’, ஒரு மருத்துவமனையின் பெயர், ஒரு கைபேசி எண். தேதி பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் நோயாளி குணமாகி வீடு திரும்பிப் பல மாதங்கள் ஆன பிறகும் அந்த எண்ணுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். அந்த மருத்துவமனை இருப்பது நகரத்தில், எனவே நிரல் அதை நகரத்துப் பதிவு என்று எடுத்துக்கொள்ளும். நோயாளியோ கிராமத்திலிருந்து அனுப்பப்பட்டவர். பதிவிட்டவர் நகரத்தில் வேலை பார்க்கும் பேரன். படுத்திருக்கும் பாட்டிக்குத் தன்னைப் பற்றி இப்படி ஒரு பதிவு உலவுவதே தெரியாது. கிராமத்து நோய் கைபேசித் திரைக்கு வருவதற்குள் நகரவாசியாகிவிடுகிறது. ட்விட்டர் பதிவுகளில் இட அடையாளம் இணைக்கப்பட்டவை ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றிரண்டு என்பது ஆய்வாளர்கள் பல காலமாக அறிந்த விஷயம். அந்த ஒன்றிரண்டிலும், அடையாளம் சொல்வது கைபேசி இருந்த இடத்தைத்தான். நோய் எங்கே தொடங்கியது என்பதை அது சொல்லாது. இத்துறை ஆய்வுகளில் பெரும்பங்கு ட்விட்டரை வைத்தே நடந்ததற்கும் கிராமத்தார் அங்கே கூடினார்கள் என்பது காரணமில்லை. ஆய்வாளர்கள் பதிவுகளை மொத்தமாகத் திரட்ட ட்விட்டர் திறந்துவைத்திருந்த இலவச வாசல் 2023-இல் மூடப்படும்வரை தரவு எளிதில் கிடைத்தது, அதுதான் காரணம்.

சரி, பெயரை விட்டுவிட்டு நோயின் சொற்களைத் தேடலாமே என்றால், அது நல்ல வழிதான், ஆனால் மேடு பள்ளம் நிறைந்தது. ‘காய்ச்சல்’ என்று தேடினால் தேர்தல் காய்ச்சலும் தேர்வுக் காய்ச்சலும் கிரிக்கெட் காய்ச்சலும் சேர்ந்தே வரும். ‘சர்க்கரை’ என்றால் நீரிழிவு பாதி, இனிப்பு பாதி. ‘வாயு’ என்று எழுதுகிறவருக்கு வந்திருப்பது அஜீரணமாகவும் இருக்கலாம், மாரடைப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம். நேரில் பார்த்தபோதே எனக்குச் சில முறை பிடிபடவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் ஒரே நோயை ஏழெட்டு விதமாக எழுதுவார்கள். சொல்லை எண்ணி நோயை அளக்கும் முயற்சி எங்கே போய் முட்டும் என்பதற்குப் பெரிய உதாரணம் கூகுள். மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்கும் சேவையை அந்த நிறுவனம் 2008-இல் தொடங்கியது. 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சலின் முதல் அலையை அது குறைத்துக் கணித்தது. 2012-13 பருவத்திலோ, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்த அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சொன்னது. 2015-இல் சேவை நிறுத்தப்பட்டது. செய்தித்தாளில் ஃப்ளூ பற்றிப் படித்துவிட்டுத் தேடியவரும், உண்மையில் காய்ச்சலோடு தேடியவரும் கணினிக்கு ஒன்றாகவே தெரிந்தார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அவ்வளவு பெரிய தரவு வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி.

வதந்தியைப் பற்றியும் ஒரு துணைக்கேள்வி இருந்தது: கிராம மக்கள் தவறான மருத்துவத் தகவலை எளிதில் நம்புகிறார்களா? இதில் எனக்குச் சற்றுக் கோபமே வருகிறது, மன்னிக்கவும். 2018-இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளைப் பார்த்து, பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 விழுக்காடு அதிகம் என்று கண்டது. பகிர்ந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். படித்தவர்கள், நகரத்தார், எல்லோரும் அதில் அடக்கம். புதுமையாக இருப்பதைப் பகிரத் தோன்றுவது மனித இயல்பு, அதற்கு ஊர் வித்தியாசம் கிடையாது. அந்த ஆய்வை மூடிய வாட்ஸ்அப் குழுக்களுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் நோயாளிகள் காட்டிய பொய்த் தகவல்களில் பெரும்பாலானவை நகரத்து உறவினர் அக்கறையோடு அனுப்பிவைத்தவை. வந்த செய்தியை ஒரே நேரத்தில் எத்தனை அரட்டைகளுக்கு முன்னனுப்பலாம் (ஃபார்வர்டு செய்யலாம்) என்ற எண்ணிக்கையை வாட்ஸ்அப் 2018-இலும் 2019-இலும் குறைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை முன்னனுப்பப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. வேகம் குறைந்திருக்கும். நம்பிக்கை குறைந்ததா என்பது வேறு கேள்வி.

தவறான தகவல் எங்கே உண்மையிலேயே கொல்கிறது என்றால் பாம்புக்கடியில். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். பெரும்பாலோர் வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர்கள். புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இது 2017-இல்தான் முறையாக இடம்பிடித்தது. குழுக்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி இது: அடித்துப்போட்ட பாம்பின் படம், ‘இது விஷப் பாம்பா?’ என்ற கேள்வி, கீழே இருபது பேரின் இருபது தீர்ப்பு. கயிற்றால் கட்டு என்பார் ஒருவர், கீறிவிடு என்பார் இன்னொருவர், வாயால் உறிஞ்சு என்பார் மூன்றாமவர். மூன்றும் தவறு. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். பாம்பைப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் அந்த இருபது பதில்களைப் படித்தபோது எனக்குத் தென்பட்டது அறியாமை மட்டுமில்லை. எந்த மருத்துவமனையில் மருந்து இருப்பில் இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. உங்கள் ஆய்வுக்கு இந்த மௌனம் ‘மருத்துவர் இல்லை’ என்பதைவிடப் பயனுள்ள தரவு.

மூடிய குழுக்கள் என்றேன். கிராமத்தின் உண்மையான பேச்சு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது, அதுவும் எழுத்தில் குறைவு, குரலில் அதிகம். ஒரு தாய் அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் காதில் இருக்கிறது. முக்கால் நிமிடம் இருக்கும். ‘பிள்ளைக்கு மூன்று நாளாகச் சளி, நாளைக்குக் கூட்டிவரட்டுமா’ என்று கேட்கிறார். குரலில் பதற்றமே இல்லை. ஆனால் பின்னணியில், குழந்தையின் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒரு சிறிய முனகல். கடும் நிமோனியாவில் வரும் ஓசை அது. உடனே புறப்பட்டு வரச் சொன்னேன். அந்தச் செய்தியை எழுத்தாக்கி உங்கள் கோப்பில் சேர்த்தால் ‘சளி, சாதாரணம்’ என்று பதிவாகும். எந்தச் சொல்லிலும் நோய் இல்லை.

அந்தக் குழுக்களிலும் எல்லாம் பேசப்படுவதில்லை. நகரத்தில் இருப்பவர் பெயரை மறைத்துக்கொண்டு மனச்சோர்வைப் பற்றி எழுதிவிடலாம். முந்நூறு வீடுகள் உள்ள இடத்தில், ‘என் தோழி ஒருத்திக்கு’ என்று தொடங்கினாலே யார் என்று தெரிந்துவிடும். காசநோய், கருச்சிதைவு, மனநோய் ஆகியவை குழுவில் வராமல் தனிச் செய்தியாக நள்ளிரவில் வரும். நிலையத்தில் வேலை பார்ப்பவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். ஒழுகும் கூரையைப் படம் எடுத்துப் போட்ட ஊழியர் மறுநாளே அதை நீக்கியதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் எல்லைகள் உண்டு. என்னைச் சேர்த்துக்கொண்ட குழுக்களை மட்டுமே நான் பார்த்தேன், மருத்துவர் இருக்கிறார் என்று தெரிந்த இடத்தில் பேச்சு மாறிவிடும். பெண்கள் மட்டும் உள்ள குழுக்களுக்குள் நான் போனதே இல்லை.

புகார் பதிவுகளால் ஏதாவது மாறுகிறதா என்பது சந்தேகத்துக்குரிய பகுதி. ஒரு காணொளி பரவியதும் பாலத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். பரவிய காணொளிக்குப் பிறகு, படம் எடுத்தவர் மீதே நடவடிக்கை பாய்ந்ததையும் பார்த்திருக்கிறேன். எது வழக்கம், எது விதிவிலக்கு என்று சொல்லும் அளவுக்கு என் அனுபவம் போதாது. பதிவுகளுக்கு மகிழ்ச்சி, கோபம் என்று மதிப்பெண் போடும் மென்பொருள் கருவிகள் மீதும் எனக்கு நம்பிக்கை குறைவு. ‘ரொம்ப நன்றி ஐயா, நாலு மணி நேரம் நிற்க வைத்ததற்கு’ என்ற வரியை ஒரு கருவி மகிழ்ச்சிக் கணக்கில் சேர்த்தது.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். திரட்டியதைத் தூக்கிப் போட வேண்டாம். ‘கிராமப்புற சுகாதாரம் என்ற சொல்லைப் பொதுவெளியில் பயன்படுத்துவோரிடையே மருத்துவர் பற்றாக்குறையே அதிகம் பேசப்படுகிறது’ என்று எழுதுங்கள். அது உண்மை, யாரும் மறுக்க முடியாது. பிறகு அதிலிருந்து இருநூறு பதிவுகளை எடுத்து, எழுதியவர் நோயாளியா, உறவினரா, ஊழியரா, நிறுவனமா, வழிப்போக்கரா என்று கையாலேயே குறியுங்கள். இன்னொருவரையும் தனியாகக் குறிக்கச் சொல்லி, எங்கே வேறுபடுகிறீர்கள் என்று பாருங்கள். பதிவுகளை மேற்கோள் காட்டும்போது சொல்லுக்குச் சொல் கொடுக்காதீர்கள். ஒரு வரியைத் தேடுபொறியில் இட்டால் ஆளே கிடைத்துவிடுவார், சிறிய இடத்தில் அது அவருக்குப் பெரிய சங்கடம். கடைசியாக, அனுமதி வாங்கிக்கொண்டு ஏதேனும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிகள் பதிவேட்டை ஒரு மாதத்துக்குப் படியுங்கள், உங்கள் பதிவுகளின் அதே மாதமாக இருந்தால் நல்லது. அங்கே போகும்போது மருத்துவரைவிட மருந்தாளுநரிடம் அதிக நேரம் உட்காருங்கள். எந்த மாத்திரை எந்தத் தேதியில் தீர்ந்தது, அதற்குப் பிறகு யார் யார் வருவதை நிறுத்திக்கொண்டார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.